பதினாறாவது வளையம்

சொன்ன தேதிக்கு ஒரு நாள் பிந்தி வருகிற வேலைக்காரனைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் பிந்தி வந்து, வந்ததே பெரிய உபகாரம் என்று டீ கேட்கிறவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே, நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வேலையை முடித்துவிட்டுப் போனவனை என் அறுபத்தொரு வயதில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் பெயர் ஜஸ்டின்.

நான் நல்லதம்பி. புதுக்கோட்டை டிப்போவில் இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர். மனுஷனை நம்பாமல் இருப்பதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. டிக்கெட் எடுக்காதவன் தூங்க மாட்டான், தெரியுமா? தூங்குகிற மாதிரி நடிப்பவன்கூடக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியாக வயலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அவன் பக்கத்தில் போய் ஒன்றும் கேட்காமல் நிற்பேன். கேட்டால் சுதாரித்துக்கொள்வான். கேட்காமல் நின்றால் தானாகவே பையில் கையை விடுவான். இது என் வழி. ரிட்டயர் ஆன பிறகும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. மளிகைக் கடையில், ரேஷன் கடையில், சொந்தக்காரன் வீட்டு விசேஷத்தில் என்று எங்கே போனாலும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை அப்படி நிற்காமல் விட்டேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் ஒரே மகள் அமுதவல்லி. மருமகன் சவுதியில். ஆலங்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. கஜா புயலில் நூற்று முப்பது மரத்தில் பதினொன்று மிஞ்சியது. அந்த வெட்ட வெளியில் மகள் நாற்றுப் பண்ணை போட்டாள். மிளகாய், கத்தரி, தக்காளி, செண்டிப்பூ. இரும்பு பைப் நட்டு, மேலே பச்சை வலை கட்டி, கீழே குழித்தட்டு அடுக்கி நாற்று விடுவது. ஊரில் அதை செட்டு என்போம். அந்த முதல் செட்டைப் போட்டது என் மச்சினன் அடைக்கலம், வெல்டிங் பட்டறைக்காரன். பைப்பை இரண்டரை அடி ஆழத்தில் நடுகிறேன் என்றான். மச்சினன்தானே என்று நான் பக்கத்தில் நிற்கவில்லை. நிழலில் உட்கார்ந்து அவனோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடிக் காற்றில் செட்டு பெயர்ந்து பக்கத்துக் கடலைக் காட்டில் போய் விழுந்தது. பைப் எல்லாம் ஓரடிக்கு மேல் மண்ணைப் பார்க்கவில்லை. அதில் ஒன்று அமுதவல்லியின் வலது மணிக்கட்டில் அடித்தது. எலும்பு கூடியது, ஆனால் அந்தக் கை இன்றைக்கும் முழுசாக மூடாது. பாத்திரம் தேய்க்கும்போது டம்ளர் நழுவி விழுகிற சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஏன் பக்கத்தில் நிற்கவில்லை என்று அவள் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் இரண்டாவது செட்டு போட்டபோது எல்லாவற்றுக்கும் நான் பக்கத்தில் நின்றேன். பைப் நட்டவர்கள் என்னைக் கண்டாலே தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஆனால் பைப்பை ஆழமாக நட்டால் மட்டும் போதாது, நாலு பக்கமும் மண்ணுக்குள் ஆங்கர் இறக்கிக் கம்பிக் கயிற்றால் இழுத்துக் கட்டினால்தான் காற்றுக்கு நிற்கும் என்று மகள் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாள். அதற்கு ஆள் பிடித்ததும் அவள்தான். ஜெகதாப்பட்டினத்தில் இருந்து ஜஸ்டின்.

முதலில் இடம் பார்க்க வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கருத்த, மெலிந்த ஆள். பேச்சு குறைவு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பைக்கில் இருந்து ஒரு ஆங்கரை எடுத்துக் காட்டினான். கட்டைவிரல் தடிமனில் நாலடி நீள இரும்புக் கம்பி. அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் முறுக்கிய இரும்பு இலை. உச்சியில் ஒரு வளையம். மிஷினில் மாட்டித் திருகினால் இலை மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கும். கடைசியில் வளையம் மட்டும் வெளியே தெரியும்.

"அப்ப உள்ள எவ்ளோ போயிருக்குன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க ஐயா. மேல இருக்க மண்ணோட கனந்தான் எலையப் புடிச்சு வைக்கும். உள்ள போனது உள்ளயே கெடக்கணும்."

நல்ல தொழில்தான், மூட்டையைப் பிரிக்காமலே வாங்கிக்கொள் என்கிறான், என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன தொழில் பாத்த முந்தி?"

"மீன்புடி போட்டுலதாங்க இருந்தேன். எங்கண்ணன இலங்கை நேவிக்காரனுங்க புடிச்சுக்கிட்டுப் போயி மூணு மாசம் வச்சிருந்தானுங்க. அதுக்கப்பறம் ஆத்தா கடல்ல எறங்க விடல."

"கடல்ல போட்ட நங்கூரத்த இங்கிட்டு கொண்டாந்து காட்டுல போடுறியாக்கும்" என்றேன். அமுதவல்லி என்னை முறைத்தாள். அவன் சிரித்தான்.

செட்டைச் சுற்றி நடந்தவன் வடகிழக்கு மூலையில் நின்று, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தான். "ஐயா, இந்த எடத்துல மண்ணு எல்லாம் ஒரே மாதிரிதானே? குழி எதும் தூத்துருக்கா?"

தூர்த்திருந்தது. கஜாவுக்குப் பிறகு ஜே.சி.பி. வைத்துக் குழி வெட்டி, விழுந்த மரங்களின் அடிக்கட்டைகளை அந்த மூலையில்தான் போட்டு மூடினோம். நாலடி ஆழத்துக்குத் தென்னங்கட்டை மக்கிக் கிடக்கிற இடம். அமுதவல்லி அப்போது புருஷன் வீட்டில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை.

"நீதான வேலைக்காரன், நீ பாரு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது என்னைத் திட்ட வேண்டாம். என் வழி அது. கேட்காமல், சொல்லாமல் நிற்பது. வேலை நடக்கிற புதன்கிழமை அந்த மூலையில் நாற்காலி போட்டு உட்காருவேன். மண் பொதபொதவென்று இருப்பதைக் கண்டுபிடித்து அவனாகவே சொன்னால் யோக்கியன். கண்டுகொள்ளாமல் திருகிவிட்டுப் போனால் அந்த இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிப்பேன். மகளிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் போன் போட்டு அவனிடம் சொல்லிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை விராலிமலையில் என் கொழுந்தியாள் பேரனுக்குக் காதுகுத்து. நானும் என் சம்சாரம் சொர்ணமும் போயிருந்தோம். மலையேறி இறங்கி, பந்தியில் உட்கார்ந்து, வடை கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொர்ணத்திடம் இடி வாங்கி, பஸ் பிடித்து வீடு வந்து சேர அஞ்சு மணி. செட்டுக்குப் போனால் பதினாறு வளையமும் மண்ணுக்கு மேல் பளபளவென்று நிற்கின்றன. கம்பிக் கயிறு எல்லாம் இழுத்துக் கட்டியாகிவிட்டது. ஜஸ்டின் போய்விட்டான்.

"யாரக் கேட்டு இன்னைக்கு வரச் சொன்ன?" என்று மகளிடம் கத்தினேன்.

"வியாழக்கெழம காத்து வருதுன்னு நியூஸ்ல சொல்றாங்கப்பா. புதன்கெழம அவுக அண்ணன் போட்டக் கரை மேல இழுத்துக் கட்டணுமாம். அதான் முன்னாடியே வந்துட்டாரு. ஒங்களுக்குப் போன் அடிச்சேன், நீங்க எடுக்கல."

மேளச் சத்தத்தில் எங்கே கேட்கும்?

"நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேம்ப்பா. அந்தக் கடைசி மூலைக்கு மட்டும் நிக்க முடியல. நாத்து வாங்க ஆளு வந்துருச்சு."

எந்த மூலை என்று கேட்க வேண்டியதே இல்லை. அவள் கை காட்டியது வடகிழக்கை.

"அங்க என்ன செஞ்சான்?"

"மண்ணு சரியில்லக்கா, நான் பாத்துக்கிட்டேன்னு சொன்னாரு. மோட்டார் கொட்டகையில கரண்டு எடுத்து ஏதோ வெல்டிங் வச்சாரு. ஒண்ணும் தோண்டக் கூடாது, பக்கத்துல மாடு கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

பார்த்துக்கொண்டேன் என்றால் என்ன அர்த்தம்? அடைக்கலமும் அதைத்தான் சொன்னான், "பாத்துக்கிறேன் மச்சான், நீங்க உக்காருங்க." மண் சரியில்லாத இடத்தில் வெல்டிங் வைத்து என்ன பார்ப்பான்? ஜஸ்டினுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் சொன்னாள். மூன்று தடவையும் அவளே சொன்னாள்.

புதன்கிழமை காலையில் அமுதவல்லி செண்டி நாற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு கீரமங்கலம் போனாள். சாயங்காலந்தான் வருவாள். நான் வடகிழக்கு மூலையைச் சுற்றி வந்தேன். வேலியோரத்தில் எருக்கஞ்செடிக்குக் கீழே ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அதே கட்டைவிரல் தடிமன். ஒன்றரை அடி நீளம். ஒரு முனை புதுசாக அறுத்தது, வெள்ளையாக மின்னியது.

எனக்குச் சந்தோஷம் வந்தது. இதை மறைப்பதில் லாபமில்லை. அகப்பட்டுக்கொண்டான் என்கிற சந்தோஷம்.

கணக்கு சுலபம். மண்ணுக்குள் மிஷின் இறங்கவில்லை, ஏதோ கட்டை தடுத்திருக்கிறது. நாலடிக் கம்பியில் நடுவே ஒன்றரை அடியை அறுத்துப் போட்டுவிட்டு, வளையத்தையும் இலையையும் ஒட்டிவிட்டான். இரண்டரை அடிக் கம்பி இறங்கியிருக்கும். வெளியே வளையம் தெரியும். எவன் தோண்டிப் பார்க்கப் போகிறான்? அதற்குத்தான் தோண்டக் கூடாது என்று உத்தரவு வேறு.

ஆனாலும் அவசரப்படவில்லை. முதலில் வளையத்தை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கயிறு கட்டி என் டி.வி.எஸ். வண்டியில் பூட்டி முறுக்கினேன். வண்டி நின்ற இடத்திலேயே மண்ணை வாரி என் மேல் அடித்தது. வளையம் அப்படியே இருந்தது. புத்தி உள்ளவன் அதோடு வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கோ அடைக்கலத்தின் பைப்பும் நல்ல வெயிலில் அசையாமல் நின்றது ஞாபகம் வந்தது. காற்று வந்தபோதுதான் அது தன் குணத்தைக் காட்டியது. நாளைக்குக் காற்று. என் மகள் அந்த வலைக்குக் கீழே நிற்பாள்.

கம்பிக் கயிற்றின் முறுக்கைத் தளர்த்திவிட்டு மண்வெட்டியை எடுத்தேன்.

மண் சுலபமாக வந்தது. ஓரடி, இரண்டடி. இரண்டரை அடியில் கம்பியில் ஒரு புடைப்பு தெரிந்தது. வெல்டிங் வைத்த ஒட்டு! "வாடி மகனே" என்று சத்தமாகவே சொன்னேன். போனை எடுத்து ஒட்டைப் போட்டோ பிடித்தேன். இதற்குக் கீழே இலைதான் இருக்கும், அதையும் பிடித்துவிட்டால் தீர்ந்தது என்று மறுபடி தோண்டினேன்.

மூன்றடியிலும் இலை இல்லை, கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றரை. மக்கிய தென்னங்கட்டை சொத சொதவென்று மண்வெட்டியில் ஒட்டி வந்தது. நாலடி. நான் நெஞ்சளவுக் குழிக்குள் நிற்கிறேன், கம்பி இன்னும் கீழே போகிறது. கடப்பாரையைக் கம்பிக்குப் பக்கத்தில் குத்தி நெம்பிப் பார்த்தேன். வராது என்று தெரிந்தும் ஆத்திரத்தில் நெம்பினேன். எதற்கு ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாவது நெம்பலில் அடியில் எதுவோ கொடக்கென்று விட்டுக்கொடுத்தது. கம்பி என் கையில் ஆடியது.

அப்படியே குழியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் கம்பியைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறான். மக்கிய கட்டையைத் தாண்டி அடியில் இருக்கிற சரளை மண்ணைப் பிடிக்க வேண்டும் என்று, தன்னிடம் இருந்த வேறொரு கம்பியில் இரண்டரை அடியை அறுத்து மேலே ஒட்டி, ஆறரை அடிக்கு இறக்கியிருக்கிறான். எருக்கஞ்செடியில் கிடந்தது அதன் மிச்சம். யாரும் பார்க்காத மூலையில், நான் சொல்லாத குழியைத் தானே கண்டுபிடித்து, என் பரீட்சையில் அவன் பாஸ் பண்ணியிருக்கிறான். அதைத்தான் நான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மண்ணைத் தள்ளினேன். மிதித்தேன். தண்ணீர் ஊற்றி மறுபடி மிதித்தேன். கம்பிக் கயிற்றை இறுக்கினேன். முன்னைவிட ஏழு சுற்றுக் கூடுதலாக இறுக்க வேண்டியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிந்தது. காய்ந்த மட்டையை இழுத்துப் புது மண் தெரியாதபடி போட்டேன். போட்டோவை அழித்தேன்.

வீட்டுக்குப் போனதும் சொர்ணம் வேட்டியைப் பார்த்தாள். "என்னங்க இது, கோலம்?"

"வாழைக்குப் பாத்தி கட்டுனேன்."

"நம்மகிட்ட வாழை ஏது?"

"அதான் இல்லையேன்னு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

சாயங்காலம் மகள் வந்தபோது சொல்லியிருக்கலாம். சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம். அடைக்கலத்தை நம்பி ஒரு தடவை அவள் கையை ஒடித்தேன், ஜஸ்டினை நம்பாமல் மறுபடி ஒரு தடவை குழி பறித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவ்வளவு தண்ணீர் ஊற்றி மிதித்திருக்கிறோமே, இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் பேசும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்குக் காற்று வந்தது. வரும்போதே கஜாவை ஞாபகப்படுத்துகிற காற்று இல்லை, ஆனால் சும்மா வந்து போகிற காற்றும் இல்லை. விட்டு விட்டு அடித்தது. மிஞ்சிய பதினொரு தென்னையும் மட்டையை ஒரே பக்கம் சீவின. செட்டுக்குள் நாற்பதாயிரம் நாற்று. மறமடக்கி ஊரில் இருந்து ஒருவர் மிளகாய் நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தார், திங்கட்கிழமை எடுக்க வேண்டியது. அமுதவல்லி உள்ளே நின்று பக்கவாட்டு வலையை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இழுத்தாள்.

நான் வெளியே வடகிழக்கு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று வலையைத் தூக்கும்போது கம்பிக் கயிறு விறைத்தது. பதினைந்து வளையத்துக்கும் வெறும் விறைப்புதான். பதினாறாவதில் மட்டும் வளையத்தைச் சுற்றி மண் வெடித்தது. காற்று தணிந்ததும் அமுங்கியது. அடுத்த காற்றுக்கு வளையம் ஒரு விரல் மேலே வந்தது. அதற்கு அடுத்ததில் இரண்டு விரல்.

அவள் அந்த மூலைப் பைப்புக்கு நேர் கீழே இருந்தாள்.

"அமுதா! வெளிய வாம்மா!"

"இருங்கப்பா, இன்னும் ரெண்டு முடிச்சு."

"வெளிய வான்னா வா!"

"ஆங்கர் போட்டுருக்குப்பா, ஒண்ணும் ஆகாது. சும்மா பயந்துக்கிட்டு."

அவள் அவனை நம்பிக்கொண்டு நின்றாள். நம்ப வேண்டிய ஆளைத்தான் நம்பினாள்.

"அந்த ஆங்கரு இல்லம்மா! அத நான் தோண்டிட்டேன்!"

அவள் முடிச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். காய்ந்த மட்டை பறந்து போய் ஈர மண் தெரிந்தது. மணிக்கட்டில் பைப் அடித்த அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி ஆகவில்லை. வெளியே ஓடி வந்து போனை எடுத்து ஜஸ்டினுக்கு அடித்தாள். இந்தத் தடவை அவன் எடுத்தான். ஸ்பீக்கரில் காற்றுச் சத்தமும் யாரோ கயிறு கயிறு என்று கத்துவதும் கேட்டது.

"அண்ணே, அந்தக் கடைசி மூலை கெளம்புது. அப்பா தோண்டிட்டாங்க."

"தோண்டுனாங்களா? எம்புட்டு?"

"நாலடி" என்றேன் நான். "கடப்பாரையால நெம்பிட்டேன்ப்பா."

"இனிமே அது நிக்காதுங்க ஐயா. மிதிச்சாலும் நிக்காது. அக்கா, அந்த மூலை வலைய அறுத்து விட்டுருங்க. காத்து உள்ள வந்து அங்குட்டுப் போயிரட்டும். வலைய வச்சிருந்தீங்கன்னா பைப்போட தூக்கிரும். மூலைக்குக் கீழ நிக்காதீங்க, தள்ளி நின்னு அறுங்க. வச்சிறட்டா? இங்க அண்ணன் போட்டு முட்டுது."

அமுதவல்லி கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு வந்தாள். "குடும்மா, நான் அறுக்குறேன்" என்று கையை நீட்டினேன்.

"நீங்க அங்கிட்டுப் போங்கப்பா."

இடது கையில் அரிவாளைப் பிடித்து, மூடாத வலது கையால் வலையை இழுத்து இழுத்து அறுத்தாள். ஆறு மாதம்கூட ஆகாத புது வலை. நான் என்ன செய்வேன்? ஓடிப் போய் அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு கிலோ என்னாலான உபகாரம். அடுத்த காற்று வந்தது. என்னோடு சேர்த்து வளையத்தைத் தூக்கியது. நான் பக்கத்தில் உருண்டேன். ஆறரை அடிக் கம்பி சேற்றில் இருந்து பாதிக்கு மேல் உருவிக்கொண்டு வந்து, இழுபட்டு நின்றது. மூலைப் பைப் சாய்ந்தது. அதற்குள் அவள் கடைசி முழத்தை அறுத்துவிட்டாள். வலை படபடவென்று அடித்துக்கொண்டு கிழிந்து விலகியது, காற்று அந்த வழியாகப் போனது. பைப் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் இருந்திருக்கும். மற்றப் பதினைந்தும் அசையவில்லை. அறுத்த மூலை வழியாக மழை கொட்டியது. அதற்குக் கீழேதான் மறமடக்கிக்காரருக்கான மிளகாய் நாற்று. தட்டுத் தட்டாக வழித்துக்கொண்டு போய்விட்டது.

சனிக்கிழமை ஜஸ்டின் வந்தான். கையில் கயிறு அறுத்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தான். சேற்றில் கிடந்த ஆங்கரை இழுத்துப் போட்டுக் கழுவினான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சரியாகியிருப்பேன்.

"தம்பி, ஒரு துண்டு கெடந்துச்சு. அதப் பாத்துத்தான் சந்தேகப்பட்டேன்" என்றேன்.

"அதுங்களா? வாசக் கேட்டுக்கு முட்டுக் குடுக்க ஆகும்னு அக்காவுக்குப் போட்டுட்டுப் போனேன்." கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "இந்த மூலையில தென்னங்கட்டை பொதச்சது ஒங்களுக்குத் தெரியுமாங்க ஐயா?"

அமுதவல்லி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"தெரியும்" என்றேன்.

"அன்னைக்குக் கேட்டனே."

"நீ கண்டுபிடிக்கிறியான்னு பாத்தேன்."

அவன் கம்பியைக் கீழே வைத்தான். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "எங்க போட்டுல அடியில பாறை இருக்குறது தெரிஞ்சும் ஒருத்தன் சொல்லாம நின்னான்னா, அவன ஒண்ணும் சொல்ல மாட்டோங்க. கரைக்குக் கொண்டாந்து விட்டுருவோம். மறுநா அவன ஏத்த மாட்டோம்."

பிறகு பழைய இடத்தில் இருந்து நாலடி தள்ளி, கை படாத மண்ணில் புது ஆங்கரை இறக்கினான். நான் பக்கத்தில் நிற்கவில்லை. அமுதவல்லி நின்றாள்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. மறமடக்கிக்காரர் வேறு பண்ணைக்குப் போய்விட்டார், மற்றவர்கள் வருகிறார்கள். நான் தினமும் காலையில் செட்டுக்குப் போய்த் தண்ணீர் விடுகிறேன், தட்டு அடுக்குகிறேன். மகள் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். டீ கொண்டுவந்து தருகிறாள். அடைக்கலம் விஷயத்தைக் கேட்காத மாதிரியே இதையும் கேட்கவில்லை.

ஆனால் நான் வேலையை முடித்துக் கேட்டைச் சாத்திவிட்டு வண்டியை எடுக்கும்போது, அவள் செட்டைச் சுற்றி நடப்பது கண்ணாடியில் தெரியும். ஒவ்வொரு வளையமாகக் குனிந்து, மூடாத அந்த வலது கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கிறாள். மற்றவர்கள் வந்து போனால் பார்ப்பதில்லை. சொர்ணம் போனால் பார்ப்பதில்லை. நான் போய்விட்டு வந்த பிறகு மட்டும், பதினாறையும்.

நான் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், அவள் முடிக்கட்டும் என்று.